கொழும்பிலிருந்து மொழியியல் படிப்பது: உயர்தரம் முதல் வேலை வரை முழுமையான வழிகாட்டி

மொழியியல் படிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னால் "எத்தனை மொழி படிப்பாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்ததாக, "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்குப் பதில் சுருக்கமானது: மொழி எப்படி இயங்குகிறது என்பதை ஆராய்வதே மொழியியல், பல மொழிகளைப் பேசப் பழகுவது வேறு படிப்பு. இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவான பதில் வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழியியல் பட்டம் தனியே நின்று வேலை தேடித் தராது. வர்த்தமானியில் 'மொழியியலாளர்' என்ற பெயரில் வெற்றிடம் வருவது அரிது. ஆனால் சிங்களம், கணினி, கற்பித்தல் ஆகியவற்றில் ஒன்றையாவது அதனோடு சேர்த்துக்கொண்டால், கொழும்பில் இருக்கும் தமிழ் மாணவருக்குத் திறக்கும் கதவுகள் பல. அந்தத் துணைத் திறனை முதலாம் ஆண்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும். கடைசி ஆண்டில் யோசிக்கத் தொடங்குபவர்கள் நல்ல பெறுபேறு இருந்தும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: பாடத்தை முதலில் தொட்டுப் பாருங்கள்

விண்ணப்பிக்கும் முன் இந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்குமா என்று நீங்களே சோதிக்கலாம். செலவு எதுவும் இல்லை.

கடை, தங்கம், பகல் என்ற மூன்று சொற்களையும் சத்தமாகச் சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான், க. ஆனால் முதற்சொல்லில் வல்லோசை, இரண்டாவதில் தொண்டை அதிரும் ஓசை, மூன்றாவதில் கிட்டத்தட்ட மூச்சு மட்டும். எந்த இடத்தில் எந்த ஓசை வரும் என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். பிறகு ட, த, ப ஆகியவற்றுக்கும் அந்த விதி பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்கே பொருந்தவில்லை? ஏன்? இந்தக் கேள்விகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க உங்களுக்கு விருப்பம் இருந்தால் ஒரு மொழியின் ஓசை விதிகளை ஆராயும் ஒலியனியல் விரிவுரை உங்களுக்குச் சலிக்காது.

அடுத்ததாக இன்னொன்று. "எனக்குப் பசி" என்கிறோம். சிங்களத்தில் "மட்ட படகினி" என்கிறார்கள். இரண்டிலும் பசிக்கும் ஆள் எழுவாயாக வருவதில்லை, நான்காம் வேற்றுமையில் வருகிறார். சிங்களம் இந்தோ ஆரியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். இரண்டும் இப்படி ஒத்துப்போவதற்குக் காரணம் என்ன? பல நூற்றாண்டு அயலுறவா, தெற்காசிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இயல்பா? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? மொழியியல் வகுப்பு இப்படித்தான் நகரும். பதிலை மனப்பாடம் செய்வதற்கு அங்கே மதிப்பு குறைவு, சான்று காட்டி வாதாடுவதற்கே மதிப்பு.

இன்னும் பயிற்சி வேண்டுமென்றால் சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட்டின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2003 இல் பல்கேரியாவில் தொடங்கிய, பாடசாலை மாணவருக்கான போட்டி அது. முன்பின் கேள்விப்படாத மொழியில் சில வாக்கியங்களும் அவற்றின் பொருளும் தருவார்கள், இலக்கணத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

படி 2: உயர்தரம்

மொழியியலுக்கென்று உயர்தரத்தில் ஒரு பாடம் இல்லை. கலைப் பிரிவில் தமிழ், ஆங்கிலம், அளவையியலும் விஞ்ஞான முறையும் ஆகிய மூன்றும் நல்ல அடித்தளம். இவற்றில் அளவையியலைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பின்னால் சொல்லின், வாக்கியத்தின் பொருளை ஆராயும் சொற்பொருளியல் படிக்கும்போது அதன் அருமை தெரியும். கணிதம், விஞ்ஞானப் பிரிவில் இருப்பவர்களும் பின்னர் பட்டப்பின் படிப்பு வழியாக வரலாம், அதை எட்டாம் படியில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தை மட்டும் இப்போதே கவனியுங்கள். மொழியியலின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன.

படி 3: எங்கே விண்ணப்பிப்பது

கொழும்பில் வசிப்பவருக்கு அருகில் இருப்பது களனிப் பல்கலைக்கழகம். 1959 இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1978 இல் இன்றைய பெயரைப் பெற்றது. கண்டி வீதியில் தலுகமவில் இருக்கிறது. அங்கே மானுடவியற் பீடத்தின் கீழ் மொழியியலுக்கென்றே ஒரு துறை இயங்குகிறது, மொழிபெயர்ப்புக் கற்கையும் அதனோடு சேர்ந்தது. தமிழ் மாணவர்கள் இங்கே ஆங்கில மொழிமூலம் படிக்க ஆயத்தமாகப் போக வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் மரபு ஆழமானது. யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் சொல்லமைப்பையும் விரிவாக ஆராய்ந்த சு. சுசீந்திரராசா, அ. சண்முகதாஸ் போன்றோர் அங்கே கற்பித்தவர்கள். பேராதனைத் தமிழ்த்துறையில் எம்.ஏ. நுஃமான் போன்றவர்கள் தமிழ் இலக்கணத்தை நவீன மொழியியலின் துணையோடு எழுதியிருக்கிறார்கள். வீட்டை விட்டுத் தங்கிப் படிக்க முடியுமென்றால் இவற்றையும் யோசியுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப் பீடத்தில் ஆங்கிலத்தோடு சேர்த்தும் மொழியியலின் சில பகுதிகளைத் தொடலாம்.

வழிமுறை இதுதான். உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக் கைந்நூலை வெளியிடும். அலுவலகம் கொழும்பு 7, வார்ட் பிளேஸில் இருக்கிறது, விண்ணப்பம் இணையவழி. கைந்நூலை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை வாசியுங்கள். ரியூசன் ஆசிரியரோ அயலவரோ சொல்வதை வைத்துத் தெரிவு வரிசையை நிரப்ப வேண்டாம். 'கலை' என்ற பொதுக் கற்கைநெறி ஒன்று, 'மொழிபெயர்ப்புக் கற்கை' வேறொன்று, இரண்டுக்கும் தெரிவுக் குறியீடு வேறு. சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும், அந்தத் திகதி பத்திரிகையில் வந்து போய்விடும். வருடாவருடம் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

படி 4: பட்டத்தின் உள்ளே

கலைப் பீடங்களில் பொதுவாக முதலாம் ஆண்டில் மூன்று பாடங்கள். அந்த ஆண்டின் பெறுபேற்றை வைத்தே நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு செய்வார்கள், மற்றவர்கள் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு முடிப்பார்கள். தகைமைகளை மட்டங்களாக வகுக்கும் தேசிய தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் 5 ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம். விரிவுரையாளர் பதவி, வெளிநாட்டு முதுமாணி என்று நினைப்பு இருந்தால் சிறப்புப் பட்டம் அவசியம். ஆகவே முதலாம் ஆண்டுதான் உண்மையான போட்டி. புதுமுக மாணவர்களுக்கு இதை யாரும் உரிய நேரத்தில் சொல்வதில்லை.

ஒலியியல் (ஓசைகள் பிறக்கும் விதம்), ஒலியனியல், உருபனியல் (சொல்லின் அமைப்பு), தொடரியல் (வாக்கியத்தின் அமைப்பு), சொற்பொருளியல் ஆகிய ஐந்தும் முதுகெலும்பு. சமூக மொழியியல், வரலாற்று மொழியியல், உளமொழியியல், கணினி மொழியியல் எல்லாம் இவற்றின் மேல்தான் எழுகின்றன. தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு முன்னிலை உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் வாயில் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று விவரிக்கிறது. அதைப் படித்தவருக்கு ஒலியியலின் முதல் மாதம் பழகிய ஊர் போலிருக்கும். ஆனால் மரபிலக்கணம் சரி, பிழை சொல்லும். மொழியியல் பேச்சை உள்ளபடி எடுத்துக்கொள்ளும். கொட்டாஞ்சேனைப் பேச்சும் கோப்பாய்ப் பேச்சும் இங்கே சம மதிப்புள்ள தரவுகள். இந்த மாற்றத்தை மனம் ஏற்கச் சில மாதங்கள் எடுக்கும், அவசரப்பட வேண்டாம்.

எந்த மொழியின் ஓசையையும் எழுத உதவும் சர்வதேச ஒலியியல் எழுத்துமுறையை முதற் பருவத்திலேயே கையால் எழுதிப் பழகுங்கள். பிராட் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான அது உங்கள் குரலை அலையாகவும் நிறமாலையாகவும் காட்டும். நெடிலுக்கும் குறிலுக்கும் எத்தனை மில்லிசெக்கன் வித்தியாசம் என்று நீங்களே அளக்கலாம்.

படி 5: கொழும்பை ஆய்வுகூடமாக்குங்கள்

மொழியியல் மாணவருக்கு இப்படி ஒரு நகரம் கிடைப்பது பெரும் வாய்ப்பு. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்கும், 'இது', 'அது' இரண்டுக்கும் நடுவில் 'உது' உயிரோடிருக்கும் பேச்சு. ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் தமிழ். மருதானை, மாளிகாவத்தையில் முஸ்லிம்களின் தமிழ், அதற்கென்றே தனி உறவுமுறைச் சொற்களும் வினை வடிவங்களும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து வந்து தங்கியிருப்பவர் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்பார். கொம்பனித்தெருவில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ், சிங்களத் தொடர்பால் இலங்கை மலாய் மொழியின் வாக்கிய அமைப்பே மாறி, வினை கடைசிக்குப் போய், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டன. உலக மொழியியலாளர்கள் விமானம் ஏறி வந்து ஆராயும் விடயம் இது, உங்களுக்கோ பஸ் எடுத்தால் போதும். வடக்கே நீர்கொழும்பு மீனவர்களிடம் தமிழும் சிங்களமும் கலந்த பேச்சு வழக்கு இருக்கிறது. கிழக்கே மட்டக்களப்பில் பறங்கியர் சிலரிடம் போர்த்துக்கேயக் கிரியோல் (போர்த்துக்கேயம் உள்ளூர் மொழிகளோடு கலந்து உருவான மொழி) இன்னும் எஞ்சியிருக்கிறது.

களப்பணியை இப்படித் தொடங்கலாம்.

முதலில் ஒரேயொரு சிறு கேள்வியை எடுங்கள். "கொழும்புத் தமிழ்" என்று தலைப்பு வைத்தால் முடிக்க முடியாது. "வெள்ளவத்தையில் வளரும் பதின்ம வயதினர் 'உது' பாவிக்கிறார்களா, அவர்களுடைய பாட்டிமார் பாவிக்கிறார்களா?" என்பது முடிக்கக்கூடிய கேள்வி.

பிறகு ஆட்களிடம் அனுமதி வாங்குங்கள். எதற்காக ஒலிப்பதிவு, யார் கேட்பார்கள், பெயர் வெளிவருமா என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லிக் கையொப்பம் பெறுங்கள். போர்க்காலத்தைக் கண்ட ஒரு தலைமுறைக்குக் குரல் பதிவு என்றாலே கலக்கம் வரும். அதை மதியுங்கள், வேண்டாமென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவுக்கு நல்ல கைத்தொலைபேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், காலி வீதி இரைச்சல் பிராட்டில் சுவர் போலத் தெரியும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கோப்பைச் சுருக்காத வேவ் வடிவில் சேமியுங்கள். கோப்பின் பெயரில் திகதி, இடம், பேசுபவருக்கு நீங்கள் கொடுத்த குறியீடு மூன்றும் இருக்கட்டும். ஒரு பிரதி மடிக்கணினியில், ஒரு பிரதி வேறெங்காவது.

சொற்பட்டியலை வாசிக்கச் சொன்னால் எல்லோரும் எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். படம் காட்டிக் கேளுங்கள். அதைவிட நல்லது, "சின்ன வயசில் இந்தத் தெரு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருப்பது. அப்புறம் எழுத்துப்பெயர்ப்பு வேலை, அதாவது பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதுவது. அது அலுப்பானது. பேச்சின் நீளத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். ஆனால் எழுதும்போதுதான் காது கூர்மையாகிறது.

பின்னணி வாசிப்புக்கு வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், கொழும்பு பொது நூலகம், சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம் ஆகியவை இருக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகளுக்கு நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை வீட்டிலிருந்தே திறக்கலாம்.

படி 6: துணைத் திறனைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரையில் சிங்களத்துக்கே முதலிடம். கடையில் பேரம் பேசும் சிங்களம் இதற்குப் போதாது, அலுவலகக் கடிதம் எழுதும் சிங்களம் வேண்டும். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, 1988 இன் 16 ஆவது திருத்தம் நிர்வாகத்திலும் சட்டவாக்கத்திலும் நீதிமன்றத்திலும் இரு மொழிகளின் இடத்தை விரிவாக வகுத்தது. சட்டம் சொல்வதை நடைமுறைப்படுத்த இரு மொழியும் ஆழமாகத் தெரிந்தவர்கள் வேண்டும், அவர்கள் போதாமையால்தான் பேருந்துப் பலகையிலும் படிவங்களிலும் பிழைத் தமிழைப் பார்க்கிறோம். அந்தப் பிழைகளைப் படம் பிடித்துப் பகிர்ந்து கோபப்படுவதோடு நிற்காமல் திருத்தும் இடத்துக்குப் போகலாம். ராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் திணைக்களம் வகுப்புகளும் தேர்ச்சிப் பரீட்சைகளும் நடத்துகிறது. பட்டம் முடிப்பதற்குள் அந்தச் சான்றிதழைக் கையில் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கணினி. பைதன் என்ற நிரல் மொழியில் ஒரு கோப்பைத் திறந்து சொற்களை எண்ணி வரிசைப்படுத்தும் அளவிலிருந்து தொடங்குங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோட் எப்படித் தமிழைச் சேமிக்கிறது, 'கொ' ஏன் இரண்டு குறியீடாகப் பதிகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிப் பிழை களைவதே நல்ல முதற் பயிற்சி. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் மொழித் தொழினுட்ப ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் சிங்கள, தமிழ் அரச ஆவணங்களுக்கான 'சி-தா' (Si-Ta) என்ற இயந்திர மொழிபெயர்ப்பு முறைமையை உருவாக்கினார்கள். இத்தகைய குழுக்களில் நிரலாளர்கள் உண்டு, தமிழ் உருபனியலை விளக்கக்கூடியவர்கள்தான் குறைவு.

மூன்றாவது கற்பித்தல். பாடசாலைப் பாடத்திட்டத்தில் மொழியியல் இல்லாததால், ஆசிரியராக விரும்புபவர் தமிழையோ ஆங்கிலத்தையோ பட்டத்தில் ஒரு பாடமாக வைத்திருப்பது கட்டாயம்.

படி 7: வேலைகள்

மொழிபெயர்ப்பு. அரச மொழிபெயர்ப்பாளர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்ப்பு நடக்கும், அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கத்தை மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்பது இன்னொரு வழி. பிறப்புச் சான்றிதழ், உறுதி, நீதிமன்ற ஆவணங்கள் என்று நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைச் சூழலில் அதற்கு எப்போதும் கேள்வி உண்டு. பாராளுமன்றத்தில் உரைகளைப் பதிவுசெய்யும் ஹன்சாட் பிரிவும் சமநேர உரைபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மறு மொழியில் சொல்வது கடும் பயிற்சி தேவைப்படும் தொழில். வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே சில செக்கன் பின்தங்கி மறு மொழியில் சொல்லிப் பழகினால் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும்.

மொழித் தொழினுட்பம். பேச்சைத் தட்டச்சாக்கும் செயலிகள், படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி, தேடல், உள்ளடக்கக் கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் குறியிடப்பட்ட தமிழ்த் தரவு வேண்டும். இந்த வேலைகள் பல வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை, வெளிநாட்டு நிறுவனங்களும் தருகின்றன. ஒரு எச்சரிக்கை: வெறும் தரவுக் குறியிடல் வேலைக்குக் கூலி குறைவு, வளர்ச்சியும் குறைவு. வழிகாட்டு விதிகளை எழுதுபவராக, தரம் பார்ப்பவராக உயர வேண்டும், அதற்குத்தான் மொழியியல் பட்டம் உதவும்.

பேச்சு மொழிச் சிகிச்சை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழியியல் பட்டத்தோடு பேச்சுச் சிகிச்சையாளராக முடியாது. ராகமவில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்தில் நான்கு ஆண்டுப் பட்டம் தருகிறது, அதற்கான பாடத் தகைமைகள் கைந்நூலில் தனியாக இருக்கின்றன. மொழியின்மேல் ஆர்வமும் ஆட்களோடு பழகும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தமிழ்த் தாய்க்கு, தமிழிலேயே மதிப்பிட்டுத் தமிழிலேயே சிகிச்சை தரக்கூடியவர் கிடைப்பது இன்றும் கடினம்.

ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள். கொழும்பில் நடக்கும் கருத்துக்கணிப்புகள் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இரு மொழிக்கும் போகின்றன. வினாவைத் தமிழாக்கி, அதை இன்னொருவர் மீள ஆங்கிலமாக்கி, பொருள் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடும் வேலைக்கு மொழியியல் மாணவர் மிகப் பொருத்தமானவர். பத்திரிகை, ஒலிபரப்பு, பதிப்பகங்களில் ஒப்புநோக்குநர், செம்மையாக்குநர் இடங்களும் உண்டு, சம்பளம் பெரிதல்ல.

பல்கலைக்கழக விரிவுரையாளர். முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வேண்டும், பிறகு முதுமாணி, கலாநிதி. இடங்கள் குறைவு. இதை மட்டுமே நம்பி மற்ற வழிகளை மூடிவிட வேண்டாம்.

படி 8: மேற்படிப்பு

வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் களனியின் மொழியியல் முதுமாணி வழியாக உள்ளே வரலாம். ஆங்கிலம் கற்பிக்க விரும்புபவருக்கு நாவல திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே படிக்க வசதியானது. கடல் கடந்தால், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் ஈழத்து மொழியியலாளர்கள் முன்பே போய்ப் படித்த இடம். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் பல்கலைக்கழகமும் உண்டு. 1969 இல் தொடங்கிய மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வெளியீடுகளையும் தேடிப் பாருங்கள். இந்தியாவுக்கு இந்தியப் பண்பாட்டு உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில், கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் மூலம். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட், ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸ். கடைசியாகச் சொன்னதில் மொழித் தொழினுட்பத்துக்கென்றே ஒரு கூட்டு முதுமாணி இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஓராண்டு முன்னதாகவே ஆயத்தம் தொடங்க வேண்டும். பட்டச் சான்றிதழும் பெறுபேற்று அறிக்கையும் பல்கலைக்கழகத்திலிருந்து கைக்கு வரத் தாமதமாகலாம், கோரிக்கையை முன்கூட்டியே கொடுங்கள். ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் அதை மட்டும் கடைசியில் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது உங்கள் களப்பணி அறிக்கையின் பிரதியையும் விரிவுரையாளரிடம் கொடுங்கள். உங்களைப் பற்றி எழுத அவருக்கு அதுவே சான்று. புலமைப்பரிசில் நேர்முகத்திலும் பெரும்பாலும் அந்த அறிக்கையைப் பற்றித்தான் கேட்பார்கள்.